எள் போகாத வீடு

போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு இருபது. மைசூர் விஜயநகரில் நம் தோழியின் புது வீட்டுக் கூடத்தில் காப்பி முடிந்து, மைசூர்பாகுத் தட்டு இரண்டாவது சுற்று வந்துகொண்டிருந்தது. அந்த நிமிஷத்தில்தான் எல்லாம் கோளாறாக ஆரம்பித்தது. எனக்குக் கடிகாரம் பார்க்கும் வியாதி உண்டு. பெண் பிறந்த நாளிலிருந்து அது கூடிக்கொண்டே வருகிறது. ஆகவே நேரத்தில் தவறு இருக்காது.

நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். நாலாம் கிளாஸில் ஒரே அறையில் உட்கார்ந்த பெண்கள். சிலருக்கு நரை, சிலருக்குச் சாயம். ஒருத்தியை ஒருத்தி அடையாளம் காணவே வெகுநேரம் பிடித்தது. விஜயநகர்க்காரி பள்ளிக்கூடத்தில் மானிட்டராக இருந்தவளாயிற்றே, அன்றைக்கும் சட்டம் போட்டாள்.

“ஒவ்வொருத்தியா சொல்லுங்கோடி. ஆத்துக்காரர் என்ன பண்றார், குழந்தைகள் என்ன பண்றதுகள். வியாதியெல்லாம் கடைசியில. ஒருத்திக்கு ஒரு வியாதிதான்.”

“எனக்கு மூணு இருக்கேடி!”

“இருக்கறதுல பெருசா ஒண்ணு பாத்து எடுத்துக்கோ.”

சிரித்தோம். என் முறை வந்தது. “ஒரே பொண்ணு. பெங்களூர்ல வேலை. சௌக்கியமா இருக்கா” என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு யாரும் கேட்காதபடி மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டேன்.

சொல்லாமல் விட்டது இதுதான். சில வாரங்களுக்கு முன் என் பெண் தன்னோடு வேலை பார்க்கும் பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். பையன் நம்மவன் இல்லை. செய்தி வந்த நாளிலிருந்து அவள் அப்பா வீட்டில் அவள் பெயரைச் சொல்லவில்லை. கூடத்திலிருந்த அவள் படத்தைக் கழற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணம் போய், காவேரியில் தலை முழுகி, உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வருவதாகத் தீர்மானம். அதற்கப்புறம் அவள் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை செத்தவள். வாசலில் வந்து நின்றாலும் கதவு திறக்கக் கூடாது. அவர் சொன்னால் செய்கிறவர். எனக்கு ஒரு வாரம் இருந்தது.

தட்டு என்னைத் தாண்டிப் போனதும் விஜயநகர்க்காரி எழுந்து நின்றாள். “சரி, நம்மள்ல போனவாளுக்கு ஒரு நிமிஷம் மௌனமா இருப்போம். மேஷ்ட்ரு போயிட்டார். ஹெட்மிஸ் போயிட்டா. அப்புறம், பாவம், உன் பக்கத்து சீட்டு. சின்னதிலேயே போனாளே.” என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

எல்லோரும் தலை குனிந்தோம். நம் டாக்டரம்மா மட்டும் குனியவில்லை.

“யாரு, இவ பக்கத்துல ஒக்காந்துண்டிருந்தவளா? அவ எதுக்குடி போனா?”

“சும்னிரு, பேசாதே. நாலாங்கிளாஸ்லயே போயிட்டா. உனக்கு ஞாபகம் இல்லை.”

“மத்தே, அப்படின்னா போன மாசம் கொள்ளேகாலத்துல என் கிளினிக்ல வந்து முட்டி வலின்னது யாரு, பேயா? ராமாபுரத்துல டீச்சரா இருக்கா. நான் நீங்கள்லாம் அவளோட தொடர்புல இருப்பேள்னு நெனச்சேன்.”

“ஹௌதா!” என்று யாரோ மூச்சை இழுத்தார்கள். என் கையிலிருந்த டம்ளர் நழுவி, புது மொசைக் தரையில் அடிக்காப்பி சிந்தியது. சந்தோஷத்தில் என்று நினைத்து நீங்கள் என் முதுகைத் தட்டினீர்கள். சந்தோஷம்தான். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று என்னைத் தாக்கியது. அவள் சாகவில்லை என்றால், அந்தச் சங்கராந்திக்கு அந்த வீட்டில் செத்தது யார்?

அந்த மார்கழி உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ. நாடு குடியரசான புதுசு. காலையில் சாமுண்டி மலை பனியில் காணாமல் போய், நாம் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை முடித்து உட்கார்ந்த பிறகுதான் திரும்பி வரும். நம் தெருவில் எல்லார் வீட்டிலும் எள்ளு பெல்லா என்கிற எள்-வெல்லக் கலவை வேலை நடந்துகொண்டிருக்கும். கொப்பரையை நகக் கனத்துக்குச் சீவி, வெல்லத்தைப் பாக்குவெட்டியால் பொடிக்கட்டிகளாக நறுக்கி, மாடி வெயிலில் வேஷ்டி விரித்துக் காயவைப்பார்கள். வறுத்த நிலக்கடலையைத் தேய்த்துத் தோலை ஊதுவது நம் வேலை. ஊதுகிற சாக்கில் தின்பதும் நம் வேலை. சங்கராந்தியன்று பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, எள்ளும் வெல்லமும் கலந்த பொட்டலமும், ஒரு துண்டு கரும்பும், சர்க்கரை அச்சும் வைத்த தட்டோடு வீடு வீடாகப் போவோம். “எள்ளும் வெல்லமும் தின்னு நல்லதா பேசுங்கோ” என்று கன்னடக்காரர் வீட்டில் கன்னடத்திலும் நம் வீடுகளில் தமிழிலும் சொல்வோம்.

என் அம்மாவுக்கு இந்த வழக்கம் கடைசி வரை முழுசாகச் செரிக்கவில்லை. அவள் கும்பகோணத்துப் பெண். அங்கே எள் என்றால் அமாவாசை, தர்ப்பணம். கையில் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று வளர்ந்தவள். மைசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் சங்கராந்தியில், அடுத்த வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே எள்ளை நீட்டியதும், அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாளாம். பிறகு பழகிவிட்டாள். ஆனாலும் பொட்டலம் கட்டும்போது முதலில் வெல்லம் போட்டு, அதன் தலையில்தான் எள்ளைப் போடுவாள்.

சர்க்கரை ரேஷனில் வந்த காலம். இருந்தாலும் எப்படியோ சேர்த்து வைத்து, பால் விட்டுக் காய்ச்சி, அழுக்கெடுத்து, நனைத்த மர அச்சுகளில் பாகை ஊற்றுவார்கள். அச்சுகள் தெரு முழுக்கச் சுற்றும். குதிரை ஒருத்தர் வீட்டில், தேர் ஒருத்தர் வீட்டில், துளசி மாடம் ஒருத்தர் வீட்டில். எங்கள் வீட்டில் கிளி. அதன் மூக்கு என்றைக்கோ உடைந்துவிட்டது. அதனால் எந்தத் தட்டில் மூக்கில்லாத கிளி உட்கார்ந்திருந்தாலும் அச்சு எங்களுடையது என்று தெரிந்துவிடும். அந்த அச்சு கடைசியாக யார் வீட்டுக்குப் போனதோ, திரும்பி வரவேயில்லை. உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் சொல்லுங்கள்.

என் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தவளின் வீடு எங்கள் தெருக் கோடியில் இருந்தது. அவளுக்கு ஓர் அக்கா. நம் எல்லாருக்குமே அக்காதான். தெருவில் சைக்கிள் ஓட்டிய முதல் பெண். காலேஜிலிருந்து வந்ததும் நம்மை வரிசையாக உட்காரவைத்து, சிக்கெடுத்து, ரிப்பன் கட்டிவிடுவாள். அவள் கையில் சந்தன சோப்பும் சைக்கிள் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். “தலையை ஆட்டாதேடி, இல்லேன்னா நுனியைக் கத்திரிச்சு விட்டுடுவேன்” என்று மிரட்டுவாள். மிரட்டலுக்காகவே தலையை ஆட்டுவோம்.

மார்கழி நடுவில் ஒருநாள் அந்த வீட்டார் விடிவதற்குள் ஜட்கா வைத்துக்கொண்டு எங்கோ போனார்கள். நாம் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்துக்குத் திரும்பினார்கள். அவர்கள் அப்பாவின் தலை ஈரமாக இருந்தது. அம்மாவின் தலையும் ஈரம். தெருவில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பெண்கள் வாசலிலிருந்து உள்ளே போனார்கள். மறுநாள் முதல் என் பக்கத்து இடம் காலி. மேஷ்ட்ரு ஆஜர் கூப்பிடும்போது அவள் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

சங்கராந்தியன்று தட்டுகள் தயாராயின. அம்மா சொன்னாள், “கோடி ஆத்துக்கு எள் போகக் கூடாது.”

“ஏம்மா?”

“அங்க ஒரு பொண்ணு தவறிட்டா. ஒரு வருஷம் அவாளுக்குப் பண்டிகை கிடையாது. கேள்வி கேக்காம தட்டை எடு.”

சாவு நடந்த வீட்டுக்கு எள்ளு பெல்லா போகாது என்பது நமக்கெல்லாம் எழுத்துக் கற்பதற்கு முன்பே தெரிந்த விஷயம். எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? காலியாக இருந்தது என் பக்கத்து இடம். அக்காவைக் காணோம் என்றால் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிருப்பாள் என்று நாமே பதில் சொல்லிக்கொண்டோம். உங்கள் அம்மாக்களும் உங்களிடம் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். விஜயநகரில் அன்று ஒவ்வொருத்தியாகச் சொன்னீர்களே, வார்த்தை கூட மாறவில்லை. நாம் அவள் இடத்தில் தும்பைப்பூ வைத்தோம், ஞாபகம் இருக்கிறதா? மேஷ்ட்ரு அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெரியும். ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓடிப்போனவளின் கதையைக் காட்டிலும் செத்துப்போனவளின் கதை பெண்குழந்தைகளுக்கு நல்லது என்று அன்றைய பெரியவர்கள் நினைத்தார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை. நமக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்தவர்கள்தான்.

எல்லா வீட்டுக்கும் போய்விட்டு, கடைசியில் மீந்த ஒரு தட்டோடு நான் கோடி வீட்டுக்குப் போனேன். வேண்டுமென்றே விதியை மீறிப் போகவில்லை. கால் பழக்கத்தில் போனது. கதவைத் தட்டிய பிறகுதான் அம்மா சொன்னது நினைவு வந்தது. அதற்குள் திறந்துவிட்டார்கள். அவளுடைய அம்மா. கண் வீங்கியிருந்தது. தட்டைப் பார்த்தார்கள்.

“எங்காத்துக்கு இந்த வருஷம் எள் வரக் கூடாதுடி கண்ணு.”

“தெரியும் மாமி. மறந்து வந்துட்டேன்.”

உள்ளேயிருந்து ஓர் இருமல், “யாரது?” என்று ஆண்குரல்.

“யாருமில்லை, பூக்காரி” என்றார்கள் மாமி. சொல்லிக்கொண்டே என் தட்டிலிருந்து ஒரு சர்க்கரைக் கிளியை எடுத்தார்கள். தயங்கி, இன்னொன்றையும் எடுத்தார்கள். இரண்டையும் இடுப்பில் புடவைக்குள் செருகிக்கொண்டு, “அவளுக்குப் பிடிக்கும்” என்றார்கள். “ஓடு. அம்மாகிட்ட சொல்லாதே.”

ஓடினேன். செத்தவளுக்குச் சர்க்கரைக் கிளி எப்படிப் போய்ச் சேரும் என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சரி, இந்த மாதிரி நினைத்துக்கொண்டே போனால் நான் ராமாபுரம் போய்ச் சேரமாட்டேன். விஜயநகர் கூட்டம் முடிந்த மூன்றாம் நாள், டாக்டரம்மா சொன்ன வழியில் பஸ் ஏறினேன். “பழைய சிநேகிதியைப் பாக்கப் போறேன்” என்றேன் எங்காத்துக்காரரிடம். பேப்பருக்குப் பின்னாலிருந்து “ம்” என்றார். கொள்ளேகாலத்தில் பஸ் மாறி, ஹனூர் தாண்டுகிற வரை, வீட்டில் காஸை மூடினேனா என்ற ஒரே கவலை. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைக் கவலை வந்து, காஸ் கவலையை விழுங்கிவிட்டது.

பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு குண்டு அம்மாள் பிரம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு பையனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். “யாருங்க வேணும்?” என்றாள், அந்த ஊர்க் கொங்குப் பேச்சில். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிரம்பு கீழே விழுந்தது.

“அடிப் பாவி” என்றாள், நம் வீட்டுப் பேச்சில். “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? ஒருத்தியாவது ஒரு லெட்டர் போட்டேளாடி எனக்கு?”

“செத்தவளுக்கு யாருடி லெட்டர் போடுவா?”

அவளுடைய காலி இடத்தில் நாம் பூ வைத்தது வரை சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வகுப்பில் இருந்த குழந்தைகள் எட்டிப் பார்த்தன. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபோது அது வேறாகிவிட்டிருந்தது. “பூ வேற வெச்சேளா! என்ன பூடி?” என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

செத்தது அவள் இல்லை. அக்காவும் இல்லை. அக்கா தன்னோடு காலேஜில் படித்தவனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவன் வீட்டுக்குத் தேவராஜ மார்க்கெட்டில் வாழைப்பழக் கடை. அவள் அப்பா அந்த விடிகாலையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் முழுகி, உயிரோடு இருந்த பெண்ணுக்கு எள் இறைத்துவிட்டு வந்தார். அந்தப் புத்தி தங்கைக்கும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று அன்றே இவளைக் கொள்ளேகாலத்தில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

“கொள்ளேகாலத்துல நான் தெனம் தபால்காரனைப் பாத்துண்டு ஒக்காந்திருப்பேன். நீங்கள்லாம் என்னை வேண்டாம்னுட்டேள்னே நெனச்சேன். அந்தப் பண்டிகைக்கு அம்மா யார் மூலமாவோ ஒரு சர்க்கரைக் கிளி அனுப்பிச்சா. ஜட்கா குலுக்கலில தலை போயிடுத்து. ஒடம்பு மட்டும் வந்தது. அதையும் எறும்பு வர்ற வரைக்கும் வெச்சிண்டிருந்தேன்.”

“இன்னொண்ணு?”

“அக்காவுக்குத்தான். வேற யாருக்கு? தேவராஜ மொஹல்லாவுல, நம்ம தெருவிலேருந்து கூப்பிடு தூரம். இன்னும் அங்கதான் இருக்கா, அதே கடை மாடியில.”

கூப்பிடு தூரம். நான் அந்த மார்க்கெட்டில் இத்தனை வருஷமாக வாழைப்பழம் வாங்குகிறேன்.

அப்போதுதான் என் பெண்ணைப் பற்றி அவளிடம் சொன்னேன். உங்களிடம் சொல்லாததை அவளிடம் சொல்ல முடிந்தது. சொல்லி முடிக்கிற வரை என் புடவைத் தலைப்பை அவள் பிடித்துக்கொண்டே இருந்தாள், பள்ளிக்கூடத்தில் இருட்டு அறைக்குள் போகும்போது பிடிப்பதுபோல.

“ஞாயித்துக்கிழமையா? மொதல் பஸ்ஸைப் பிடிச்சு வரேன். இட்லி, காப்பி, இன்னொரு ஈடு இட்லின்னு எதையாவது சொல்லி அவரை நிறுத்தி வை. உன் சமத்து.”

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அவர் குளித்து, துண்டும் உலர்ந்த வேஷ்டியும் பையில் வைத்துக்கொண்டார். எங்கள் வாத்தியார் சுவாமி, இதற்குச் சாஸ்திரம் இல்லை, தன்னால் வரமுடியாது என்று சொல்லிவிட்டார். “வராட்டா போறார். எனக்கு ஆறு தெரியும்” என்றார் இவர். பிறகு என்னைப் பார்த்து, “கறுப்பு எள் கொஞ்சம் பொட்டலம் கட்டு.”

“மாட்டேன்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவரிடம் நான் சொன்னதில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். கோபம் இல்லை. அன்றுதான் கவனித்தேன், அவருக்கு முகத்தில் எலும்பு தெரிந்தது. அவரும் சாப்பிடாமல்தான் இருந்திருக்கிறார். பெண் தட்டில் மிச்சம் விட்டதையெல்லாம் கவனிக்கத் தெரிந்த எனக்கு, அவர் தட்டைக் கவனிக்கத் தோன்றவில்லை.

“சரி, கடையில வாங்கிக்கறேன்” என்று முனைக்கடைக்குப் போனார். ஞாயிறு, கடை திறக்கவில்லை. திரும்பி வந்தார். இட்லி என்றேன். வேண்டாம் என்றார். காப்பி என்றேன். நின்றுகொண்டே குடித்தார். ராமாபுரத்துக்காரியைக் காணோம். ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தார். அது எந்த நிமிஷமும் வந்துவிடும். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். அவள் பஸ் எங்காவது கவிழ்ந்திருக்குமோ என்று வேறு ஒரு பயம்.

அன்று அவர் ஆற்றுக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை அவரே பெங்களூருக்குப் போன் போட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் போன வெள்ளிக்கிழமை வந்திருந்ததை உங்களில் நாலைந்து பேர் பார்த்தீர்கள். அவர் எப்படி இறங்கி வந்தார் என்று கேட்டீர்கள். அப்போது எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி மட்டும் எழுதிவிடுகிறேன்.

ஆட்டோ சத்தம் கேட்டது. அவர் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஆட்டோவிலிருந்து ஒரு மாமி இறங்கினாள். ஐம்பது தாண்டியிருக்கும். நூல் புடவை, பெரிய குங்குமம், கையில் ஒரு தார் ரசபாளை வாழைப்பழம். ஆட்டோக்காரனிடம் கன்னடத்தில் ஒரு அதட்டல் போட்டுவிட்டு, கேட்டை இடுப்பால் தள்ளித் திறந்துகொண்டு வந்தாள்.

“தங்கை கடைக்குப் போன் பண்ணினா. பஸ் ஹனூர்ல படுத்துடுத்தாம். நீ போன்னா” என்றாள் என்னிடம். குரலில்தான் தெரிந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“யாரு?” என்றார் எங்காத்துக்காரர்.

அக்கா பழத்தாரைக் கீழே வைத்தாள். மூச்சு வாங்கினாள். அவர் கையிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“நான் செத்துப் போனவ, மாப்பிள்ளே. எங்கப்பா எள்ளெறச்சு அனுப்பினவ. இருங்கோ, உங்களைத் தடுக்க வரலை. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். எறச்ச மறுவாரமே எங்கப்பா மார்க்கெட்டுக்கு வந்தார். எங்க கடைக்கு எதிர்ச் சாரியில நின்னார். நான் மாடியில தெரியறேனான்னு பாத்தார். காய் வாங்கலை, பழம் வாங்கலை, காலிப் பையோட திரும்பிப் போனார். அப்புறம் தெனம் வந்தார். மழையில கொடை பிடிச்சிண்டு வந்தார். கால் வீங்கினப்புறம் கோலை ஊணிண்டு வந்தார். சாகற வரைக்கும் வந்தார். ஒரு நாள்கூட ரோட்டைத் தாண்டலை. எறச்சுட்டாரே, எப்படித் தாண்டறது?” புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “உங்க பொண்ணு பெங்களூர்ல இருக்காளாமே, மாப்பிள்ளே. கால் பலமா இருக்கோன்னோ உங்களுக்கு? நெறைய நடக்கணும்.”